மெல்பர்னில் எக்ஸ்-கதிர்க் கட்டப் படமாக்கம்

எக்ஸ்-கதிர்க் கட்டப் படமாக்கம் என்பது, உடல் எவ்வளவு கதிரை உறிஞ்சுகிறது என்பதோடு, திசுக்களின் விளிம்பில் கதிர் எவ்வளவு வளைகிறது என்பதையும் பதிவு செய்யும் முறை. எலும்பு கதிரை நன்றாகத் தடுக்கும். நுரையீரலும் மார்பகமும் பெரும்பாலும் ஊடுருவ விட்டுவிடுவதால் சாதாரண எக்ஸ்ரேயில் மங்கித் தெரியும். இந்த முறையில் அவற்றின் ஓரங்கள் கோடு வரைந்ததுபோல் எழும்பி வருகின்றன.

இதற்கு ஒரே அலைநீளமுள்ள கதிர் வேண்டும் என்ற எண்ணமே முன்பு வலுத்திருந்தது. மெல்பர்னில் சிஎஸ்ஐஆர்ஓ நிறுவனத்தின் ஸ்டீபன் வில்கின்ஸ் குழு 1996இல் 'நேச்சர்' இதழில் அதை மாற்றிக் காட்டியது. கதிர் புறப்படும் புள்ளி மிகச் சிறியதாக இருந்து, பொருளுக்கும் உணரிக்கும் நடுவே தூரமும் விட்டால், பல அலைநீளங்கள் கலந்த கதிரிலும் படம் கிடைக்கும். மோனாஷ் பல்கலைக்கழகத்தின் டேவிட் பகானினும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட கணக்கீட்டு முறை, அப்படி எடுத்த ஒரே படத்திலிருந்து பொருளின் தடிமனைக் கண்டறிய உதவுகிறது.

இந்த முறையின் அருமை நுரையீரலில்தான் முழுதாகத் தெரிகிறது. காற்று நிரம்பிய ஒவ்வொரு நுண்ணறையும் ஒரு சிறு வில்லைபோல் கதிரை வளைப்பதால், படத்தில் நுரையீரல் புள்ளிபுள்ளியாக மின்னுகிறது. கருவில் அது திரவத்தால் நிறைந்திருக்கும். மோனாஷ் ஆய்வாளர்கள், எலெக்ட்ரான்களைப் பெரிய வளையத்தில் சுற்றவிட்டு எக்ஸ்-கதிர் பெறும் கருவியான சிங்க்ரோட்ரான் ஒன்றில், ஜப்பானின் ஸ்ப்ரிங்-8இல், அப்போதுதான் பிறந்த முயல்குட்டிகளின் முதல் மூச்சுகளைப் படம்பிடித்தார்கள். குட்டி காற்றை உள்ளிழுக்கும் ஒவ்வொரு முறையும் புள்ளிகள் கூடின. திரவம் விலகிக் காற்று புகுவது பெரும்பாலும் உள்மூச்சின்போதே என்று 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. குறைமாதக் குழந்தைகளின் சுவாசத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நேரடியான சான்று கிடைப்பது அரிது.

அதே 2007இல் மெல்பர்னின் கிளேட்டனில் ஆஸ்திரேலிய சிங்க்ரோட்ரான் திறக்கப்பட்டது. அதன் வளையச் சுற்றளவு 216 மீட்டர்; எலெக்ட்ரான்களின் ஆற்றல் 300 கோடி எலெக்ட்ரான் வோல்ட். அங்குள்ள மருத்துவக் கதிர்த்தடத்தில், அழுத்தித் தட்டையாக்காமல் மார்பகத்தைப் படமெடுக்கும் முயற்சியில் சிட்னிப் பல்கலைக்கழகத்தாரும் பங்கேற்றுள்ளனர். ஆனால் இத்தனை பெரிய வளையத்தை ஒவ்வொரு மருத்துவமனையிலும் கட்ட முடியாது.

இங்கேதான் லேசர் வருகிறது. ஒரு வழி, எலெக்ட்ரான் கற்றையோடு லேசரை நேருக்கு நேர் மோதவிடுவது. 2.5 கோடி எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள, அதாவது சிங்க்ரோட்ரானில் 120இல் ஒரு பங்கு ஆற்றலே உள்ள எலெக்ட்ரான்கள், லேசர் ஒளியின் ஆற்றலைச் சுமார் 10,000 மடங்கு உயர்த்தி எக்ஸ்-கதிராகத் திருப்பி அனுப்பும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இத்தகைய கருவி இயங்குகிறது. மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் எக்ஸ்-லேப், செர்ன் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த கருவிகளைக் கொண்டு, இத்தகைய எலெக்ட்ரான் கற்றையைத் தரக்கூடிய சிறிய முடுக்கிகளை ஆராய்கிறது.

மற்றொரு வழியின் வேர், இயற்பியலாளர்கள் தஜிமாவும் டாசனும் 1979இல் முன்வைத்த கருத்து. வலிய லேசர் துடிப்பு வாயுவைப் பிளாஸ்மாவாக்கி, படகின் பின்னலைபோல் ஓர் அலையை எழுப்பும். அதில் ஏறிய எலெக்ட்ரான்கள் சில மில்லிமீட்டரிலேயே பெரும் ஆற்றல் பெற்று, பக்கவாட்டில் அலைந்து எக்ஸ்-கதிரை உமிழும். மூலத்தின் அகலம் சில மைக்ரான், அலைநீளங்களோ பல. 1996இல் வில்கின்ஸ் குழு சொன்ன நிபந்தனைக்கு அப்படியே பொருந்துகிறது. துடிப்பின் நீளம் சில பத்து பெம்டோ நொடிகளே. மூச்சைப் படம்பிடிக்க அத்தனை வேகம் வேண்டாம். உலோகத்தில் அதிர்ச்சி அலை பாய்வதை உறையவைத்துக் காட்ட அது வேண்டும். மருத்துவப் பயன்பாட்டுக்குத் தடையாக இருப்பது வேறு: துடிப்புக்குத் துடிப்பு கதிரின் அளவு மாறுகிறது, நொடிக்குக் கிடைக்கும் துடிப்புகளும் குறைவு.