கருங்காலி நாற்காலியின் பிறந்தகம்

பழம்பொருளைக் காண்போர் முதலில் அதன் வயதைக் கேட்பர். அடுத்து விலையைக் கேட்பர். அதைச் செய்த கை எந்நாட்டுக் கை என்று கேட்போர் அரியர். அக்கேள்வி எழாமற்போனதால், நம் சோழமண்டலக் கரைத் தச்சர்களின் புகழ் நெடுங்காலம் வேற்று நாட்டார் கணக்கில் எழுதப்பட்டிருந்தது.

கி.பி. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் இக்கரையை நாடியது துணிக்காக. 1613இல் பழவேற்காட்டில் கெல்டிரியாக் கோட்டையைக் கட்டினர். 1658இல் போர்த்துகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைக் கைப்பற்றினர். துணி தேடி வந்தவர்கள் தச்சரின் கைத்திறனையும் கண்டனர். நாற்காலி, மேசை முதலியவற்றை ஐரோப்பிய அமைப்பில் செய்வித்தனர். அமைப்பு அவர்களுடையது, செதுக்கு வேலை இக்கரையினருடையது. முறுக்குக் கால்களைக் கடைந்து, சட்டங்களில் இடைவெளியின்றிப் பூவும் கொடியும் நிறைத்தனர். டச்சு நிறுவனப் பணியில் அம்போன் தீவில் வாழ்ந்து 1702இல் மறைந்த தாவர அறிஞர் ரம்ஃபியஸ், சோழமண்டலக் கரையினர் கருங்காலியில் நாற்காலிகளும் சிறு மேசைகளும் செய்து இலைவேலைப்பாட்டால் அணி செய்வதைக் குறித்து வைத்துள்ளார்.

இவற்றுட் சில இங்கிலாந்தை அடைந்தன. 18ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் இத்தகைய நாற்காலிகளை ஈஷர் மாளிகையில் கண்டார். 1530இல் மறைந்த கார்டினல் உல்சியின் உடைமை அவை என்பது அங்கு வழங்கிய கதை. வால்போல் அதை நம்பினார். ஆங்கிலேயரின் பழைய டியூடர் மன்னர் காலத்துக் கைவேலை என்றெண்ணித் தமது ஸ்ட்ராபெரி ஹில் மாளிகைக்கும் வாங்கிச் சேர்த்தார். பிறரும் அவ்வழியே சென்றனர். செவிவழிச் செய்தி சான்றாகிவிட்டது. அவற்றின் பிறந்தகத்தை உறுதிப்படுத்தியது 20ஆம் நூற்றாண்டு ஆய்வே.

திருப்பூரில் பின்னப்படும் பனியன் அயல்நாட்டுக் கம்பெனியின் பெயரைத் தாங்கிக் கடல் கடப்பதை அறிந்த நமக்கு இது விந்தையன்று. பனியனிலாவது ‘இந்தியாவில் செய்தது’ என்னும் சிறு சீட்டு உண்டு. நாற்காலிக்கு மரமும் உளியின் தடமுமே சீட்டு.

அச்சீட்டைப் படிக்கும் முறை அரிதன்று. பொருளைக் கவிழ்த்துப் பாருங்கள். கையால் அறுத்த பலகையில் வாளின் தடம் நேர்கோடாக இருக்கும். வளைகோடுகள் தெரிந்தால் அது 19ஆம் நூற்றாண்டில் பரவிய வட்ட வாளின் வேலை. கருஞ்சாயம் ஏற்றிய மரமாயின் அடிப்புறக் கீறலில் வெளுப்புத் தோன்றும். கை படியும் இடமும் கால் உரசும் குறுக்குச் சட்டமும் தேய்ந்திருத்தல் இயல்பு. கை எட்டாத மூலையும் ஒரே அளவாகத் தேய்ந்திருப்பின் ஐயுறுக. விலையை உயர்த்துவன மரம், செதுக்கின் நேர்த்தி, மாற்றப்படாத உறுப்புகள் ஆகியவை. பழைய மேற்பரப்பை இழைத்துப் புதுமெருகு ஏற்றினால் விலையும் குறையும், சான்றும் அழியும்.

நூறாண்டு கடந்த கலைப்பொருள்களைத் தனியார் அயல்நாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம் தடை விதிக்கிறது. ஆனால் உள்ளூரில் எடைக்குப் போடுவதையும், கால் வேறு முதுகு வேறாகப் பிரித்து விற்பதையும் தடுக்க வேண்டியவர்கள் வீட்டார்தாம். ஆகவே இல்லத்தில் பழைய கட்டிலோ நாற்காலியோ பெட்டியோ இருப்பின், வணிகர் வாயிற்படி ஏறுமுன் அது யார் காலத்தில், எவ்வூரிலிருந்து வந்தது என்பதை வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதிவையுங்கள். கேட்டதைக் கேட்டதென்றும், கண்டதைக் கண்டதென்றும் பிரித்தெழுதுங்கள். ஈஷர் மாளிகையார் செய்யத் தவறியது அதுவே.