நிதி நல்கையும் உணவு வழங்கு நிலையங்களும்: அமெரிக்க அனுபவம், 1967–2025

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 'பான்ட்ரி' எனப்படும் உள்ளூர் உணவு வழங்கு நிலையங்கள், வறியோருக்கு மளிகைப் பொருள்களை விலையின்றிக் கொடுப்பவை. பெரும்பாலும் தேவாலயங்களிலும் சமூகக் கூடங்களிலும் தன்னார்வலர் உழைப்பால் நடப்பவை. அவற்றுக்குச் சரக்கு அனுப்பும் பெருங்கிடங்கே 'உணவு வங்கி'. இவ்விரண்டும் தனியார் ஈகையின் விளைவுகள் என்றே கருதப்பட்டாலும், அவற்றின் வரலாற்றைத் தொடர்ந்து நோக்குவோருக்கு, அரசு தந்த நல்கையே அவற்றின் அளவையும் வடிவையும் பெரிதும் தீர்மானித்திருப்பதும், அந்நல்கை பசித்தவரின் தேவையைவிடக் கொடுப்பவரின் வசதியையே பின்பற்றி வந்திருப்பதும் புலப்படும்.

1967இல் அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் செயின்ட் மேரீஸ் உணவு வங்கியைத் தொடங்கியபோது, கடைகள் கழித்துவிடும், ஆனால் உண்ணத் தகுந்த பொருள்களே அதன் முதலாக இருந்தன. 1975இல் கிடைத்த கூட்டாட்சி அரசின் நல்கையே அம்முயற்சியைப் பிற நகரங்களுக்குக் கொண்டுசென்றது. 1977க்குள் 18 நகரங்களில் உணவு வங்கிகள் எழுந்தன. 1976ஆம் ஆண்டு வரிச் சட்டம், கையிருப்புச் சரக்கை நன்கொடையாகத் தரும் நிறுவனங்களுக்குக் கூடுதல் வரிக்கழிவு அளித்ததும் இவ்வளர்ச்சிக்குத் துணைபுரிந்தது.

திருப்பம் நேர்ந்தது 1981இல். பால் விலை சரியாமல் காக்க அரசே வாங்கிக் குவித்த பாலாடைக்கட்டி அப்போது 50 கோடி பவுண்டைத் தாண்டியிருந்தது. அதன் ஒரு பகுதி மிசௌரி மாநிலத்தின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் அடுக்கப்பட்டுப் பூசணம் பிடிக்கத் தொடங்கியிருந்தது. உணவுப் பொருள் வாங்க ஏழைகளுக்கு அரசு தரும் கூப்பன்களுக்கான தகுதி வரம்பைக் குறுக்கிய அதே ஆண்டின் இறுதியில், ரீகன் அரசு 3 கோடி பவுண்டு பாலாடைக்கட்டியை இலவசமாக வழங்க முன்வந்தது. ஐந்து பவுண்டு கட்டிகளாக வந்த அச்சரக்கு இலவசமே; ஆனால் அதை ஏற்றிவரும் லாரிக்கும், கெடாமல் வைக்கும் குளிர்பதன அறைக்கும், பங்கிட்டுக் கொடுக்கும் ஆட்களுக்கும் யார் பணம் தருவது என்ற கேள்விக்கு அந்த அறிவிப்பில் விடை இல்லை. 1983இல் இயற்றப்பட்ட தற்காலிக அவசர உணவு உதவிச் சட்டமே, சேமிப்புக்கும் விநியோகத்துக்கும் 5 கோடி டாலர் வரை ஒதுக்க வழிசெய்தது. அதே ஆண்டில், பேரிடர் மேலாண்மை முகமையின் தலைமையில் செஞ்சிலுவைச் சங்கம், சால்வேஷன் ஆர்மி போன்ற அமைப்புகள் இடம்பெற்ற தேசிய வாரியமொன்று அமைந்து, வேலையின்மை, வறுமை ஆகியவற்றின் அளவுக்கேற்ப வட்டாரங்களுக்குப் பணத்தைப் பகிர்ந்தளித்தது. எந்த நிலையத்துக்கு எவ்வளவு என்பதை உள்ளூர் வாரியமே முடிவு செய்த இம்முறை, பிற நல்கைகளில் அரிதாகவே காணப்படுவது.

உபரி கரைந்ததும் இந்த அவசர உணவு உதவித் திட்டம் முடிந்திருக்க வேண்டும்; ஆனால் பசி முடியவில்லை. 1988ஆம் ஆண்டின் பசித் தடுப்புச் சட்டம், உபரிக்குக் காத்திராமல் உணவை விலைக்கு வாங்கித் தருமாறு வேளாண் துறையைப் பணித்தது. இவ்வரலாற்றில் மிகவும் பாராட்டத்தக்க அடி அதுவே. 1996இல் நல உதவிகள் சுருக்கப்பட்டு, சட்டப்படி குடியேறியோரில் பலர் கூப்பன் உரிமையை இழந்தபோது, அவர்களின் சுமையும் இந்நிலையங்களின்மேல் விழுந்தது.

அவசர உணவு உதவித் திட்டத்தின் நிர்வாகச் செலவுக்கென மாநிலங்கள் பெறும் நல்கையில் குறைந்தது 40 விழுக்காட்டை உள்ளூர் அமைப்புகளுக்குத் தரவேண்டும் என்பது இன்றைய விதி. எனினும், போட்டி முறையில் வழங்கப்படும் நல்கைகளைப் பெற வரிவிலக்குச் சான்று, கணக்கறிக்கை, விரிவான விண்ணப்பம் ஆகியவை வேண்டியிருப்பதால், எழுத்தர் ஒருவரைக்கூட வைத்துக்கொள்ள இயலாத சிறு நிலையங்கள் பின்தங்குகின்றன. தேவை மிகுந்திருந்தும் அமைப்புகள் மெலிந்திருக்கும் ஊர்ப்புறங்களுக்கு இது பெரும் அநீதி. இதை ஓரளவு உணர்ந்தே, எட்டாத ஊர்ப்புறங்களுக்கும் பழங்குடியினர் நிலங்களுக்கும் சேவையை விரிவாக்கத் தனி நல்கை 2022இல் அறிமுகமானது.

அண்மைக் கால நல்கைகளில், மாநிலங்கள் தம் உள்ளூர் உழவரிடமே கொள்முதல் செய்து உணவு வங்கிகளுக்கு வழங்க உதவிய திட்டம் குறிப்பிடத்தக்கது; பெருங்குவியலை வெளியேற்றும் பழைய நோக்கிலிருந்து அது விலகி நின்றது. அதன் அடுத்த தவணையை 2025 மார்ச்சில் கூட்டாட்சி அரசு ரத்து செய்தது. அரசு கொள்முதல் செய்த உணவில் அனுப்பப்படவிருந்த சரக்குகள் சிலவும் அந்த வசந்தகாலத்திலேயே நிறுத்தப்பட்டன. அவற்றை நம்பித் திட்டமிட்டிருந்த நிலையங்கள் மாற்று வழி தேட வேண்டியதாயிற்று.