பதினைந்தாவது பெயர்

மாமா வீட்டில் தங்கி, புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். 1936 ஜூலை 30 பற்றி மாமா அடிக்கடி சொல்வார். சவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து 12 பேர் இறந்த நாள் அது. அடுத்த ஆண்டே பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று.

சென்ற 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன என்று படித்தபோது அவர் நினைவுதான் வந்தது. பழைய சட்டங்கள் 29 அவற்றுக்குள் போய்விட்டன. அவற்றில் 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமும் ஒன்று.

ஏற்காட்டுக்காரர்களுக்கு இது சின்னச் செய்தி அல்ல. கலெக்டர் காக்பர்ன் 1820-களில் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடி கொண்டுவந்தார். அதன்பின் நூறாண்டுக்கு மேல் தொழிலாளியின் வீடும் வைத்தியமும் துரையின் மனசைப் பொறுத்தே இருந்தன. குடிநீர், வீடு, மருத்துவம், பேறுகாலப் பணம் எல்லாம் முதலாளியின் கடமை என்று சொன்னது 1951 சட்டம்தான். முதலில் 25 ஏக்கரும் 30 ஆளும் இருந்தால்தான் அது பொருந்தும். 1981-இல் அதை 5 ஹெக்டேர், 15 ஆள் என்று குறைத்தார்கள்.

அந்தப் பதினைந்தில்தான் சூட்சுமம். எண்பதுகளில் ஒரு காப்பிப் பழ சீசனில், அதிகாரியுடன் ஒரு எஸ்டேட்டுக்குப் போனேன். சரிவில் கூடையோடு நின்றவர்களை எண்ணினேன், முப்பதுக்கு மேல். மஸ்டர் ரோலில் இருந்ததோ 14 பெயர். நிறைமாதக்காரி ஒருத்தி கிட்டே வந்து, "ஐயா, எம் பேரு இருக்குதுங்களா?" என்றாள். இரண்டு முறை தேடிப் பார்த்துவிட்டு, "இல்லம்மா" என்றேன்.

அதிகாரி குறிப்பு எழுதினார். கோப்பு நகர்ந்து அவள் பெயர் ஏறியபோது பிள்ளை நடக்கத் தொடங்கியிருந்தது. அதில் இரண்டு மாதம் அந்தக் கோப்பு கிடந்தது என் மேசையில்தான். ஒளிக்க என்ன இருக்கிறது?

புதிய தொகுப்பிலும் தோட்டம் என்றால் அதே 5 ஹெக்டேர்தான், ஆள் கணக்கு மட்டும் 15 அல்ல, 10. அதோடு ஒவ்வொருவருக்கும் பணி நியமனக் கடிதம் தரவேண்டும், ஏற்கனவே வேலையில் இருப்பவர்களுக்கு மூன்று மாதத்துக்குள் தரவேண்டும் என்று இருக்கிறது. 40 வயது தாண்டியவர்களுக்கு ஆண்டுதோறும் இலவச உடல் பரிசோதனையும் உண்டு. நல்லதுதான். எனக்கு உறுத்துவது வேறு. வீடு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் இவற்றை முதலாளி தன் செலவிலும் தரலாம், அரசு அல்லது பஞ்சாயத்துத் திட்டங்கள் வழியாகவும் தரலாமாம். வாய்தா வாங்க இதைவிட வசதியான வாசகம் என் 35 வருஷக் குமாஸ்தா வாழ்க்கையில் பார்த்ததில்லை.

போன மாதம் நாகலூர் சாலையில் நடந்துபோகும்போது, பழம் பறித்துவிட்டு வந்த ஒரு அம்மாவிடம் கேட்டேன், "வேலைக்குக் கடிதம் குடுத்தாங்களாம்மா?"

"கடுதாசியா? பறிக்கிறதுக்கு எதுக்குங்க கடுதாசி?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.