தோட்டத்தின் அடியில் ஓடும் நீர் யாருடையது?

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் நமது இல்லத்துக் கொல்லைத் தோட்டத்தில் கழிவுநீர்த் தொட்டிக்காகக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். நமதூர் கடற்கரை ஊர். தெருக்குழாயில் வாரம் இருமுறை நீர் வந்தாலே அல்ஹம்துலில்லாஹ் என்போம். 11 அடி ஆழத்தில் களிமண் படுகை முடிந்து வெண்ணிறப் பருமணல் தென்பட்டது. அடுத்த சில கடப்பாரைக் குத்துகளில் குழியின் மேற்குச் சுவரிலிருந்து நீர் புறப்பட்டது. லுஹர் பாங்கு சொல்வதற்குள் முழங்கால் அளவுக்கு நின்றது. அதற்கு மேல் ஏறவில்லை. உற்று நோக்கியபோது காரணம் புரிந்தது. மேற்கே நுழைந்த நீர் கிழக்குச் சுவரின் மணலுக்குள் மீண்டும் மறைந்துகொண்டிருந்தது. நமது தோட்டம் அதற்கு வழிப்பாதை மட்டுமே.

குழி தோண்டியவர் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்து, "நல்ல தண்ணி, ஆலிம்சா!" என்றார். பிள்ளைகள் குதித்தார்கள். உறவினர் ஒருவர் அன்று மாலையே மோட்டாருக்கு விலை விசாரித்து வந்துவிட்டார். மறுநாள் காலை பக்கத்து வீட்டு மாமி மதிலோரம் வந்து நின்றார். எழுபது வயதைக் கடந்தவர், கணவரை இழந்தவர். அவருடைய கிணறு நமது வீட்டுக்குக் கிழக்கே, மதிலிலிருந்து பத்துப் பன்னிரண்டு முழ தூரத்தில் இருக்கிறது. "ஆலிம்சா, அது எங்க வீட்டுக் கிணத்துக்கு வர்ற தண்ணிதானே?" என்று கேட்டார். குற்றம் சாட்டும் குரலில் அல்ல, மஸ்அலா கேட்பதுபோலவே கேட்டார்.

மத்ரஸாவில் இருபது ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறோம். ஆயினும் அந்தக் கேள்விக்கு அங்கேயே விடை சொல்ல நா எழவில்லை. அதற்கு வேறொரு காரணமும் உண்டு, பின்னர் சொல்கிறோம். விடை தேடிப் புரட்டிய ஏடுகளில் கண்டவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

மறைந்த நீர் ஒன்று வெளிப்பட்டதும் உரிமைப் பூசல் எழுவது நமது வரலாற்றின் தொடக்கத்திலேயே இருக்கிறது. ஜுர்ஹும் கூட்டத்தார் மூடிவிட்டுப் போன ஸம்ஸம் கிணற்றை, கனவில் காட்டப்பட்ட அடையாளத்தைக் கொண்டு அப்துல் முத்தலிப் தோண்டினார். அப்போது அவருக்குத் துணை ஒரே மகன் ஹாரிஸ் மட்டுமே. கிணற்றின் விளிம்பு தெரிந்ததும் குறைஷியர் ஓடி வந்து, இது எங்கள் தந்தை இஸ்மாயீலுடைய (அலை) கிணறு, எங்களுக்கும் பங்குண்டு என்றார்கள். வழக்கைத் தீர்த்துக்கொள்ள ஷாம் நாட்டு எல்லையில் இருந்த குறிசொல்லும் பெண் ஒருத்தியிடம் போகப் புறப்பட்டார்கள். வழியில் பாலைவனத்தில் அப்துல் முத்தலிபுடைய கூட்டத்தாரின் நீர் தீர்ந்துவிட்டது. நீர் வைத்திருந்த மற்றக் கிளையார் கொடுக்க மறுத்தார்கள். சாவை எதிர்நோக்கித் தத்தமக்குக் குழி தோண்டிக்கொண்ட நிலையில், அவர் தமது ஒட்டகத்தை எழுப்ப, அதன் குளம்படியில் ஊற்றுப் பீறிட்டது. உடனே அவர், தமக்கு நீர் தர மறுத்த அதே ஆட்களைக் கூவியழைத்துக் குடிக்கச் சொன்னார். வழக்கு அங்கேயே முடிந்தது. இப்னு ஹிஷாம் (ரஹ்) அவர்களின் ஸீராவில் உள்ள இந்நிகழ்ச்சியை, ஸம்ஸமின் சிறப்பைச் சொல்வதற்காகவே மேடைகளில் சொல்கிறோம். அவருக்கு உரிமையை உறுதிசெய்தது தோண்டிய கையா, பகிர்ந்த கையா என்பதை நாமும் இதுவரை மாணவர்களிடம் கேட்டதில்லை.

இஸ்லாம் குராஸானுக்கும் ஈரானின் உள்நாடுகளுக்கும் பரவியபோது, ஒரு நீர்முறையை முஸ்லிம்கள் அங்கே கண்டார்கள். அதற்குக் கனாத் என்று பெயர். மலையடிவாரத்தில் ஆழமான தாய்க்கிணறு ஒன்றைத் தோண்டி, அதன் அடியிலிருந்து மெல்லிய சரிவில் ஒரு சுரங்கத்தை வெட்டி, ஊருக்கருகே நீரைத் தரைக்குக் கொண்டுவருவார்கள். இறைக்க மாடு வேண்டாம், ஏற்றம் வேண்டாம். நீர் தானாகவே நடந்து வரும். சரிவு கூடினால் ஓட்டம் சுரங்கத்தை அரித்துவிடும். குறைந்தால் வண்டல் படிந்து அடைத்துவிடும். ஆயிரம் முழத்துக்கு ஒரு முழம் என்ற அளவில் இறக்கம் வைத்து, விளக்கொளியில், மூச்சு முட்டும் இருளில் அமர்ந்து வெட்டினார்கள். குனாபாதிலுள்ள கனாத்தின் தாய்க்கிணறு 300 மீட்டருக்கும் மேல் ஆழமானது. யஸ்த் நகரின் ஸார்ச் கனாத் 70 கிலோமீட்டருக்கும் மேல் நீளமுடையது.

இத்தகைய நீர் எத்தனையோ வீடுகளுக்கும் தோட்டங்களுக்கும் அடியில் ஓடியாக வேண்டும் அல்லவா? யஸ்தில் பழைய வீடுகள் சிலவற்றில் முற்றத்திலிருந்து படிக்கட்டு கீழே இறங்கும். அதற்குப் பாயாப் என்று பெயர். இறங்கினால் குளிர்ந்த அறை; அதன் நடுவே ஓடும் நீர். அந்நகரின் ஜாமிஆப் பள்ளியிலும் வுளூச் செய்வதற்கு இவ்வாறு இறங்கும் படிகள் உண்டு. வீட்டுக்காரர் தமது தேவைக்கு மொண்டுகொள்வார். ஓட்டத்தை மறிக்க மாட்டார். அடுத்த வீட்டுக்கும், அதற்கடுத்த வயலுக்கும் அதே நீர்தான் போக வேண்டும்.

பூசல்கள் இல்லாமல் இல்லை. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குராஸானை ஆண்ட அப்துல்லாஹ் இப்னு தாஹிரிடம் கனாத் வழக்குகள் ஓயாமல் வந்துகொண்டிருந்தன. என் கனாத்துக்குப் பக்கத்தில் இவன் வெட்டினான், என் நீர் குறைந்தது என்பவையே பெரும்பாலும் முறையீடுகள். அன்றிருந்த ஃபிக்ஹு நூல்களில் இதற்குப் போதிய விளக்கம் கிடைக்கவில்லை. எனவே அவர் குராஸானின் ஃபகீஹுகளையும் இராக்கிலிருந்து சிலரையும் ஒன்றுகூட்டி, கனாத்துகளுக்கென்றே ஒரு சட்டநூலை எழுதச் செய்தார். இருநூறு ஆண்டுகள் கழித்து வரலாறு எழுதிய கர்தீஸீ, தம் காலத்திலும் அந்நூலைக் கொண்டே தீர்ப்பளிக்கப்பட்டதாகக் குறிப்பிடுகிறார். நூல் இன்று நம் கைக்குக் கிட்டவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஓட்டத்துக்காக அறிஞர்கள் அவை கூடினார்கள் என்ற செய்தியாவது எஞ்சியிருக்கிறது.

நிலத்தடி நீரைப் பற்றி நம் கையில் இருக்கும் பெருநூல் அபூபக்ர் அல்கரஜீ எழுதியது. பக்தாதில் அல்ஜீப்ராவில் பெயர் பெற்ற கணித மேதை அவர். பின்னர் ஈரானின் மலைநாட்டுக்குத் திரும்பி, ஏறத்தாழ 1017ஆம் ஆண்டில் 'இன்பாதுல் மியாஹில் கஃபிய்யா' என்ற நூலை இயற்றினார். மறைந்திருக்கும் நீரை வெளிக்கொணர்தல் என்பது அத்தலைப்பின் பொருள். மழையும் பனியும் நிலத்துக்குள் இறங்கி எவ்வாறு ஊற்றாகின்றன, மலையின் அமைப்பையும் செடிகொடிகளையும் கண்டு நீர் இருக்குமிடத்தை எவ்வாறு அறிவது, மட்டம் பார்க்கும் கருவியை எவ்வாறு செய்வது, கெட்ட காற்று நிறைந்த கிணற்றில் இறங்குவோரை எவ்வாறு காப்பது என்றெல்லாம் அதில் விரிவாகச் சொல்கிறார். இவற்றுக்கிடையே ஹரீம் பற்றியும் பேசுகிறார். ஹரீம் என்பது ஒரு கிணற்றையோ ஊற்றையோ சுற்றி, வேறொருவர் தோண்டக்கூடாத காப்பு எல்லை. பொறியியல் நூலுக்குள் ஃபிக்ஹு ஏன் வந்தது என்று நாம் முதலில் வியந்தோம். நீரைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுப்பவர், அடுத்தவன் நீரைப் பறிக்காதிருக்கவும் கற்றுக்கொடுக்கத்தானே வேண்டும்! இந்நூலின் அறபு மூலம் ஹிஜ்ரி 1359இல் நமது நாட்டின் ஹைதராபாத்தில், தாயிரத்துல் மஆரிஃப் பதிப்பகத்தில் அச்சேறியது என்பதைப் பெருமிதத்தோடு குறிப்பிடலாம்.

(நமதூரில் உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்ப்பவர்களைப் பற்றிச் சிலர் கேட்பதுண்டு. கரஜீ மலையையும் மண்ணையும் செடியையும் பார்த்தார். நாமும் அவற்றையே பார்ப்போம்.)

இனி மாமியின் கேள்விக்கு வருவோம். ஹனஃபி நூல்களில் கால்நடைகளுக்கு நீர் இறைக்கும் கிணற்றுக்கு 40 முழமும் ஊற்றுக்கு 500 முழமும் ஹரீம் என்று வருகிறது. நாம் ஷாஃபிஈகள், நமது மத்ஹபில் தேவையும் வழக்கமுமே அளவுகோல். ஆனால் இவையெல்லாம் யாருக்கும் உரிமையில்லாத தரிசு நிலத்தில் தோண்டப்படும் கிணற்றுக்கு உரியவை. தெருவில் வீடுகள் நெருங்கியிருக்கும் இடத்துக்கு இமாம் நவவீ (ரஹ்) தமது மின்ஹாஜில் வேறு விதி சொல்கிறார்கள். வீடுகளால் சூழப்பட்ட வீட்டுக்கு ஹரீம் இல்லை. ஒவ்வொருவரும் தத்தம் சொத்தை வழக்கப்படி பயன்படுத்தலாம். வரம்பு மீறினால் ஈடு செய்யும் பொறுப்பு உண்டு என்பது அதன் கருத்து.

அதாவது, நமது தோட்டத்தில் கிணறு தோண்டும் உரிமை நமக்கு இருந்தது. மாமியின் கிணற்றில் நீர் சற்றுக் குறைந்தாலும் சட்டம் நம் பக்கமே நின்றிருக்கும். இதைப் படித்ததும் ஒரு கணம் மனம் ஆறுதல் கொண்டதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் 'வழக்கப்படி' என்ற சொல் அடுத்த கணமே உறுத்தத் தொடங்கிற்று. இமாம் அவர்கள் வஃபாத்தானது ஹிஜ்ரி 676இல். அக்காலத்து வழக்கம் கயிறும் வாளியும் கமலையுமே. மனிதனோ மாடோ களைத்ததும் கிணறு ஓய்வெடுத்துக்கொள்ளும். மோட்டாருக்குக் களைப்பில்லை. பொத்தானை அழுத்திவிட்டு இஷாத் தொழுது உறங்கப் போகலாம். அது இரவெல்லாம் இறைக்கும்.

முன்னர் சொல்லாமல் விட்ட காரணம் இதுதான். நான்கு ஆண்டுகளுக்கு முன் நமது வீட்டின் முன்புறத்தில் நாமே 80 அடிக்குப் போர் போட்டோம். முதல் ஆண்டு நல்ல நீர். இரண்டாம் ஆண்டு சப்பென்று ஆயிற்று. மூன்றாம் ஆண்டு தேநீர் திரிந்தது. மாமியின் கிணறு கோடையில் தரை காணத் தொடங்கியதும் அக்காலத்தில்தான். தெருவில் வேறு போர்களும் உண்டு என்று சொல்லி நம்மை நாமே தேற்றிக்கொண்டோம்.

கடற்கரை மண்ணுக்கு அடியில் நடப்பது இதுவே. மழைநீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் எடை குறைந்தது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது நீரியலார் கணக்கு. மேலே 1 அடியை இறைத்துக் குறைத்தால் கீழே உப்பு 40 அடி ஏறி வரும். நாம் போட்ட போர் அந்த எல்லையைத் தொட்டுவிட்டது. குழியில் கண்ட நீரோ மேலே, களிமண்ணுக்கும் உப்புக்கும் இடையே, மேட்டிலிருந்து கடலை நோக்கி மணலூடே நடந்து செல்லும் மெல்லிய ஓட்டம். மேற்கே எந்த வயலில் பெய்த மழையோ, நமக்குத் தெரியாது. அது மாமியின் கிணற்றுக்குப் போகும் நீர்தான்.

ஈரானிலும் இதே கதைதான் நடந்தது. சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆழ்துளைக் கிணறுகளும் இறைப்பு இயந்திரங்களும் பெருகவே நிலத்தடி நீர்மட்டம் தாழ்ந்தது. பல நூற்றாண்டுகள் ஓடிய கனாத்துகள் பல வறண்டன. 2016இல் யுனெஸ்கோ 11 கனாத்துகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

வெள்ளிதோறும் ஓதும் கஹ்ஃபு சூராவில் இரு தோட்டக்காரரின் செய்தி வருகிறது. தோட்டத்தின் நடுவே ஆறு ஓடியதைக் கண்டு செருக்குற்றவனிடம், அந்த நீர் பூமிக்குள் ஆழ இறங்கிவிட்டால் உன்னால் அதைத் தேடிப் பெற முடியாதே என்று தோழர் எச்சரிக்கிறார். எத்தனையோ ஆண்டுகளாக ஓதி வந்த அவ்விடத்தை அந்த வெள்ளிக்கிழமை ஓதியபோது, நமக்கு நினைவு வந்தது நமது போர்க்குழாய்.

மாமியிடம் போய், "ஆமாம் மாமி, உங்கள் கிணற்றுக்கு வரும் நீர்தான், சட்டப்படி நான் எடுக்கலாம், ஆனால் நிறுத்த மாட்டேன்" என்று சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, "கழிவுக்குழிய மட்டும் அந்த இடத்துல வச்சுடாதீங்க வாப்பா" என்றார். நியாயமான கவலை. கிணற்றுக்கும் கழிவுக்குழிக்கும் இடையே எவ்வளவு தூரம் வேண்டும் என்று ஹனஃபி ஃபகீஹுகள் பேசுமிடத்தில், முழக்கணக்கைவிட நீரின் நிறமும் சுவையும் மணமும் மாறாதிருப்பதையே அளவாகக் கொள்கிறார்கள். குழியைத் தோட்டத்தின் வடகோடிக்கு மாற்றி, அடித்தளத்தையும் சிமெண்டு பூசி அடைத்தோம். கூடுதலாக 18,000 ரூபாய் ஆயிற்று. மோட்டார் விலை விசாரித்து வந்த உறவினருக்கு இதில் வருத்தம், இன்னும் தீரவில்லை.

ஊற்றுக் கண்ட இடத்தில் சிமெண்டு உறைகள் ஐந்து இறக்கி, கப்பியும் கயிறும் மாட்டியிருக்கிறோம். குடிக்கவும் சமைக்கவும் மட்டுமே இறைக்கிறோம். போர் மோட்டாரின் இணைப்பைத் துண்டித்தாயிற்று. ஆயினும் அந்தக் குழாயில் உப்பு இறங்கிவிட்டதா என்று சொல்வதற்கு இன்னும் சில மழைக்காலம் ஆகும். வெள்ளிக்கிழமை ஃபஜ்ருக்குப் பின் நமது இளைய மகன் கோடு போட்ட மூங்கில் கழியை இரண்டு கிணற்றிலும் விட்டு, அளவைக் காலண்டரில் குறித்து வைக்கிறான். இவ்வாண்டு பங்குனி இறுதியில் நமது உறைக்கிணற்றில் 3 அடி நீர் நின்றது. மாமியின் கிணற்றில் 2 அடிக்குச் சற்று மேல். சென்ற பங்குனியில் அங்கே தரை தெரிந்தது.