சுங்க வேலியும் கீழூர் வாக்கும்

பிரெஞ்சிந்தியாவின் புதுச்சேரிக்கு எல்லை என்று ஒரே கோடு கிடையாது. பாகூரும் வில்லியனூரும் நெட்டப்பாக்கமும் தென்னார்க்காட்டு ஊர்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடந்தன. ஓர் ஊர் பிரெஞ்சுக்காரருடையது, வாய்க்காலைத் தாண்டினால் சென்னை மாகாணம். ஊசுட்டேரியில் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். பாகூர் ஏரியை நிரப்பும் பங்காரு வாய்க்கால் தென்பெண்ணையில், சொர்ணாவூர் அணைக்கட்டில் பிறக்கிறது. தண்ணீருக்கும் சந்தைக்கும் சம்பந்தத்துக்கும் எல்லை தெரியாத இந்த மண்ணில்தான் 1949 ஏப்ரலில் இந்திய அரசு பிரெஞ்சிந்தியாவோடு இருந்த சுங்க உடன்பாட்டை முடித்துக்கொண்டு சுங்கச் சாவடிகளை அமைத்தது. இன்று பாலஸ்தீனருக்கு ஆதரவான புறக்கணிப்பும் முதலீட்டு விலக்கலும் பலிக்குமா என்று கேட்கிறவர்கள் இந்தச் சாவடிகளின் கதையைப் பார்ப்பது நல்லது. அங்கே பலித்ததும் உண்டு, பலிக்காததும் உண்டு. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: நெருக்கடி யாருடைய கணக்கைப் புரட்டியது என்பது.

முதல் ஐந்து ஆண்டுகளில் வேலி எதிர்பார்த்ததற்கு நேர்மாறான வேலையைச் செய்தது. கப்பலில் தீர்வை இல்லாமல் இறங்கிய சரக்கு இருட்டில் வரப்பேறி இந்தியாவுக்குள் போனது. கடத்தல் ஒரு தொழிலாகவே ஆனது. அதில் கொழுத்தவர்களுக்கு பிரெஞ்சு ஆட்சி நீடிப்பதே லாபம். ஏழை உழவர்தான் நெல் மூட்டையோடு சாவடியில் காத்து நின்றார். 1954 தொடக்கத்தில் போக்குவரத்துக்கும் சரக்குக்கும் கெடுபிடி என்று பிடி இறுகிய பிறகுதான் மேலே இருந்தவர்களுக்குச் சுட்டது. மார்ச் 18 அன்று புதுச்சேரியும் அதைச் சூழ்ந்த 7 கொம்யூன்களும், வில்லியனூரும் பாகூரும் உட்பட, வாக்கெடுப்பு இல்லாமலே இந்தியாவோடு இணைய வேண்டும் என்று அவற்றின் மேயர்களும் ஆட்சிக்குழு உறுப்பினர்களும் தீர்மானம் போட்டார்கள். பாரிஸ் நாடாளுமன்றத்தில் பிரெஞ்சிந்தியாவின் பிரதிநிதியாக இருந்த, அதுவரை பிரெஞ்சு ஆட்சியின் தூணாக நின்ற எதுவார் குபேரே அந்த மாதக் கடைசியில் நெட்டப்பாக்கத்தில் தற்காலிக அரசு அமைத்தார். அவர் மனம் மாறியதற்குக் கொள்கை ஒன்றே காரணமென்று நம்புவது கடினம். ஆனால் புறக்கணிப்பு வேலை செய்யும் விதமே இதுதான்: எதிரியின் மனத்தை அது மாற்றுவதில்லை, எதிரியைத் தாங்கி நிற்கும் உள்ளூர்க்காரரின் லாபக் கணக்கை மாற்றுகிறது.

அப்படியானால் மே 7 அன்று வியட்நாமில் பிரெஞ்சுப் படையின் தளமான தியன் பியன் ஃபூ விழுந்ததுதான் பிரான்சை வெளியேற்றியது, சுங்கச் சாவடி அல்ல என்று ஒருவர் சொல்லலாம். பாதி உண்மை. ஆனால் தோல்வி தீர்மானத்துக்குப் பின்னால் வந்தது. அதற்குள் புதுச்சேரியின் தூண்கள் பெயர்ந்துவிட்டன. எதிர்ச்சான்றுக்குப் போர்ச்சுகல் ஆண்ட கோவா இருக்கிறது. அங்கும் இந்தியா 1955இல் பொருளாதாரத் தடை போட்டது. மர்மகோவா துறைமுகம் வழியே இரும்புத் தாது ஏற்றுமதி கொழித்தது, அரிசியும் மற்றதும் கடல்வழியே வந்தன. சர்வாதிகாரி சலாசாரின் லிஸ்பனில் பதில் கேட்க வாக்காளரும் இல்லை. 1961 டிசம்பரில் ராணுவம் போக வேண்டியதாயிற்று. ஆயுதம் ஒன்றே; ஒரு பக்கம் மாற்றுவழி அடைபட்டிருந்தது, மறுபக்கம் திறந்திருந்தது.

பாலஸ்தீனத்துக்கு இதே அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். 2005 ஜூலை 9 அன்று 170க்கும் மேற்பட்ட பாலஸ்தீன அமைப்புகள் விடுத்த புறக்கணிப்பு அழைப்பால் இஸ்ரேலின் பொருளாதாரம் சரியவில்லை. அமெரிக்க ஆயுதமும் பணமும் வரும் வழி திறந்தே இருக்கிறது, கோவாவின் துறைமுகம்போல. ஆனால் நடுவில் நிற்கும் நிறுவனங்களின் கணக்கு மாறியது. ஐரோப்பிய நகராட்சிகளின் ஒப்பந்தங்களை நம்பிய பிரெஞ்சு நிறுவனம் வியோலியா 2015இல் இஸ்ரேலை விட்டு வெளியேறியது. வணிகக் காரணம் என்றுதான் சொன்னது, எந்த நிறுவனம்தான் வேறு சொல்லும்? நார்வேயின் ஓய்வூதிய நிதி 2009இலேயே, மேற்குக்கரைப் பிரிப்புச் சுவருக்குக் கண்காணிப்புக் கருவி தந்ததற்காக இஸ்ரேலின் எல்பிட் நிறுவனத்தின் பங்குகளை விற்றது. காலம் பிடிக்கும் என்பதும் நமக்குத் தெரிந்ததே: தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை முதலில் முறித்தது இந்தியா, 1946இல், நிறவெறி ஆட்சி முடிய 1994 ஆயிற்று.

கடைசியாக ஓர் எதிர்ப்பு, கனமானது. அடி எளியவர்மேல் விழுகிறது என்கிறார்கள். இஸ்ரேலிய நிறுவனம் சோடாஸ்ட்ரீம் 2015இல் மேற்குக்கரைக் குடியேற்றத்திலிருந்த ஆலையை மூடியபோது சுமார் 500 பாலஸ்தீனர் வேலை இழந்தார்கள். பாகூர் உழவரின் நெல் மூட்டையும் அப்படித்தான் சாவடியில் கிடந்தது. இதை மறுப்பது நேர்மையல்ல. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. இங்கே வேலி போட முடிவெடுத்தது டெல்லி. பாகூரை யாரும் கேட்கவில்லை. 1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூர் அருகே கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இணைப்புக்கு வாக்களித்தார்கள், 8 பேர் எதிர்த்தார்கள். சாவடியில் நின்ற உழவருக்கு அங்கே வாக்கு இல்லை. பாலஸ்தீனத்தில் அடி வாங்கும் மக்களின் அமைப்புகளே புறக்கணிக்கச் சொல்கின்றன, தொழிற்சங்கங்கள் உட்பட. அவர்களுக்கு வலிக்கும் என்று மற்றவர்கள் எச்சரிப்பதில் அவர்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லை.