குயிற்குன்றின் பெயர் கம்பத்திற்கு வந்த கதை

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்க்கு ஒரு சிறிய இடர் உண்டு. பள்ளியிலும் வங்கியிலும் அலுவலகத்திலும் நிரப்பக் கொடுக்கும் படிவங்களில் குடும்பப் பெயர் என்றொரு கட்டம் இருக்கிறது. சர்மா என்றும், பாட்டீல் என்றும், முகர்ஜி என்றும் பிறர் எளிதில் எழுதிவிடுகின்றனர். தமிழர் எழுதுகோலைக் கையிற் பிடித்தவாறு சற்றே தயங்குகின்றனர். தந்தையின் பெயரை எழுதுவதா, ஊரின் பெயரை எழுதுவதா என்பதே அத்தயக்கம். குடும்பப் பெயர் எவ்வாறு தோன்றுகிறது, எங்கெங்குப் பரவுகிறது, எதனால் நிலைபெறுகிறது என்பதை ஒரே ஒரு பெயரின் வரலாற்றைக் கொண்டு ஆராய்ந்தால் இத்தயக்கம் ஓரளவு தெளியக்கூடும். அவ்வாராய்ச்சிக்கு மிகவும் ஏற்றது பென்னிகுயிக் என்னும் பெயர்.

இடுக்கி மலையில் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் கர்னல் ஜான் பென்னிகுயிக்கை அறியாத தமிழர் மிகச் சிலரே. அவருடைய பணியை அறிந்தவர் பலர். அவருடைய பெயர் எம்மொழிச் சொல், எம்மண்ணிற் பிறந்தது, அதனைத் தாங்கியவர் யாவர் என்று கேட்டவர் சிலரே ஆவர்.

இங்கிலாந்திலிருந்து வந்த துரை என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆயினும் பெயர் ஸ்காட்லாந்து நாட்டினது. அந்நாட்டின் தலைநகராகிய எடின்பரோவுக்குத் தெற்கே ஏறத்தாழப் 10 மைல் தொலைவில், பென்ட்லாந்து மலைகளின் அடிவாரத்தில், வடக்கு எஸ்க் என்னும் ஆற்றின் கரையில் ஒரு சிற்றூர் உண்டு. அவ்வூரே பென்னிகுயிக். காகித ஆலைகளால் நெடுங்காலம் பெயர் பெற்றிருந்த ஊர் அது. ஆங்கிலம் அந்நிலத்திற்கு வருமுன்னர் அங்கு வழங்கியது, இன்றைய வேல்ஸ் மொழிக்கு உறவான ஒரு பழைய பிரித்தானிய மொழி. அம்மொழியில் 'பென்' என்பது தலை, முனை, குன்று எனப் பொருள்படும். தலைக்காவிரி, தலைமன்னார் ஆகிய பெயர்களில் நம் 'தலை' நிற்பது போல வேல்ஸிலும் கார்ன்வாலிலும் பல ஊர்ப்பெயர்களின் முன்னே இந்தப் 'பென்' நிற்கிறது. கார்ன்வாலிலுள்ள பென்சான்ஸ் என்பதற்குப் புனித முனை என்பது பொருள். 'கோக்' என்பது குயிலினத்தைச் சேர்ந்த பறவை. ஆகவே 'பென் இ கோக்' என்றால் குயிற்குன்று.

அங்குள்ள குயில் நம் நாட்டுக் கருங்குயிலன்று. அதன் இனத்தைச் சேர்ந்த வேறொரு பறவை. எனினும் தொழில் ஒன்றே. குளிர் நீங்கி இளவேனில் வருவதை அங்கும் அதுவே கூவி அறிவிக்கிறது. புதுச்சேரிக்கு அருகே குயிலாப்பாளையம் என்னும் ஊருக்குப் பெயரிட்ட தமிழரும், எஸ்க் ஆற்றங்கரைக் குன்றுக்குப் பெயரிட்ட பழங்குடியினரும் ஒருவரை ஒருவர் அறியார். ஆயினும் இரு சாராரும் ஒரே குரலைக் கேட்டு மகிழ்ந்து அதனையே நிலத்திற்குப் பெயராக்கினர். தமிழில் அப்பெயரைப் பென்னிகுயிக் என்று எழுதும்போது நடுவே 'குயி' என்னும் எழுத்துகள் வந்து அமர்வது தற்செயலே எனினும், கேட்பதற்கு இனிதாகவே இருக்கிறது.

ஊரின் பெயர் ஆளின் பெயரானது எவ்வாறு? இடைக்கால ஐரோப்பாவில் நிலத்தை உடையவர் அந்நிலத்தின் பெயரால் அழைக்கப்பட்டனர். பென்னிகுயிக்கின் நிலத்தை ஆண்ட குடும்பத்தார் 13-ஆம் நூற்றாண்டு ஆவணங்களிலேயே 'பென்னிகுயிக்கைச் சேர்ந்தவர்' என்று குறிக்கப்படுகின்றனர். காலப்போக்கில் 'சேர்ந்தவர்' என்னும் சொல் உதிர்ந்தது; ஊர்ப்பெயர் மட்டும் எஞ்சியது. 1654-ஆம் ஆண்டில் அந்த ஊர்நிலம் கிளார்க் என்னும் வணிகர் குடும்பத்தின் கைக்கு மாறியது. நிலம் கைமாறியது, பெயர் கைமாறவில்லை. ஊரை இழந்தவர்கள் ஊரின் பெயரைச் சுமந்துகொண்டு வேறிடங்களில் வாழ்ந்தனர். புலம்பெயர்ந்து வாழ்வோர் இச்செய்தியின் பொருளை எளிதில் உணர்வர்.

பெயரை எழுதும் முறை பலவாகப் பிரிந்தது. காதில் விழுந்தவாறே பென்னிகுக் என்று எழுதிக்கொண்டவர் பலர். பழைய எழுத்துகளைக் கைவிடாது காத்தவர் சிலர். அச்சிலரது வடிவமே மிகவும் அரிதாயிற்று. எழுத்து எவ்வாறிருப்பினும் ஸ்காட்லாந்தில் ஒலிப்பது ஏறத்தாழப் 'பென்னிகுக்' என்றே. எழுத்தைக் கண்ணாற் கண்டு படித்தவர்கள் குவிக் என்றும் குயிக் என்றும் ஒலித்தனர். நம் நாட்டில் வேரூன்றியது கண்ணாற் படித்த இவ்வொலியே.

இப்பெயரைத் தாங்கியவர் தொகையிற் சிலரே எனினும் பல துறைகளிற் காணப்படுகின்றனர். மருத்துவரும் கவிஞருமான அலெக்சாண்டர் பென்னிகுயிக் என்பவர் ஸ்காட்லாந்தின் டுவீடேல் நாட்டைப் பற்றி 1715-இல் ஒரு நூல் வெளியிட்டார். நம் காலத்தில், 2019 வரை வாழ்ந்த காலின் பென்னிகுயிக் என்னும் பிரிட்டிஷ் விலங்கியல் அறிஞர், பறவைகள் எவ்வாறு பறக்கின்றன என்பதை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றார். சிறு விமானத்தில் ஏறிப் பறவைகளைப் பின்தொடர்ந்து பறந்தே பலவற்றை அறிந்தார். குயிற்குன்றின் பெயரைத் தாங்கியவர் பறவைகளின் அறிஞரானது ஒரு நயமான பொருத்தம்.

இந்தியாவுக்கு இப்பெயரைக் கொணர்ந்தவர்கள் படைவீரர்கள். பொறியாளரின் தந்தையாகிய பிரிகேடியர் ஜான் பென்னிகுயிக், பஞ்சாபில் சீக்கியரோடு நிகழ்ந்த சிலியன்வாலாப் போரில் 1849 ஜனவரி 13-ஆம் நாள் வீழ்ந்தார். அவருடைய மகன் அலெக்சாண்டரும் அதே களத்தில், அதே நாளில் மாண்டான். இளையவராகிய ஜான் 1841 ஜனவரி 15-ஆம் நாள் புனே நகரில் பிறந்தவர். தந்தையையும் தமையனையும் ஒரே நாளில் இழந்தபோது அவருக்கு இன்னும் எட்டு வயது நிரம்பவில்லை. செல்டன்ஹாமிலும் ஆடிஸ்கோம் படைக்கல்லூரியிலும் பயின்று, 1860-இல் சென்னை மாகாணத்தின் பொறியாளர் படைக்கு வந்து சேர்ந்தார். அவருடைய தம்பி சார்லஸ் இலங்கை அரசுப் பணியில் உயர்ந்த பதவிகளை வகித்தார். இவ்வாறு ஒரு ஸ்காட்லாந்துக் குன்றின் பெயர் புனேயிலும் பஞ்சாபிலும் சென்னையிலும் கொழும்பிலும் வழங்கலாயிற்று.

அப்பெயர் மக்கள் நாவில் ஏறியதற்குக் காரணம் பெரியாறு. மேற்குத் தொடர்ச்சி மலையிற் பெய்யும் மழையில் பெரும்பகுதி மேற்கே ஓடி அரபிக்கடலில் விழ, மலையின் கிழக்கே வையைக் கரையிலுள்ள வயல்கள் காய்ந்து கிடந்தன. அந்நீரைக் கிழக்கே திருப்பலாம் என்னும் எண்ணம் இராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளைக்கு 1789-ஆம் ஆண்டளவிலேயே தோன்றியது. 1808-இல் இடத்தைப் பார்வையிட்ட கும்பெனிப் பொறியாளர் கால்டுவெல் அது நடவாத காரியம் என்று கைவிட்டார். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சம் அரசை மீண்டும் சிந்திக்கச் செய்தது. 1882-இல் திட்டத்தைச் செப்பனிடும் பொறுப்பு பென்னிகுயிக்கிடம் வந்தது. 1886 அக்டோபர் 29-ஆம் நாள் திருவிதாங்கூர் அரசுக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் 999 ஆண்டுக் குத்தகை உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1887-இல் வேலை தொடங்கியது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையால் அணை எழுந்தது. மலையை ஊடறுத்து ஒரு மைலுக்குச் சற்று மிகுதியான நீளத்தில் சுரங்கம் குடையப்பட்டது. 1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அதனைத் திறந்து வைத்தார்.

அரபிக்கடலை நோக்கிச் சென்ற நீர் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கியது. வையையோடு கலந்து மதுரைச் சீமையின் வயல்களுக்குப் பாய்ந்தது. ஒரு போக விளைவுக்கே வானத்தை நோக்கியிருந்த நிலங்கள் இரு போகம் விளைந்தன. வெள்ளம் பலமுறை வேலையை அடித்துச் சென்றபோது, துரை சீமைக்குச் சென்று தம் சொத்தையெல்லாம் விற்றுப் பணம் கொணர்ந்து அணையை முடித்தார் என்றொரு கதை அப்பகுதியில் ஊர்தோறும் வழங்குகிறது. அணை அரசின் பணத்தாலும் அரசுப் பொறியாளர் பலரின் உழைப்பாலும் எழுந்தது என்பதே அரசு வரலாறு கூறுவது. கதையை நன்றியின் மொழியாகக் கொள்வதே பொருந்தும். உழவர் தமக்கு உதவியவரைத் தம் வீட்டு மூதாதையாக்கிக் கொள்ள விரும்பினர்; வீட்டு மூதாதை ஒருவர் தம் நிலபுலத்தை விற்றேனும் பிள்ளைகளைக் காப்பார் அன்றோ?

அவ்விருப்பம் கதையோடு நிற்கவில்லை. கம்பத்திலும் கூடலூரிலும் சின்னமனூரிலும் பிள்ளைகளுக்குப் பென்னிகுயிக் என்று பெயரிட்டனர். கடைகளுக்கும் மண்டபங்களுக்கும் அப்பெயர் வந்தது. பூசையறையில் தெய்வப் படங்களோடு அவர் படத்தை வைத்த இல்லங்களும் உண்டு. அவர் பிறந்த ஜனவரி 15 தைப்பொங்கலை ஒட்டி வருவதால், பாலார்பட்டி முதலிய ஊர்களில் அவர் பெயராற் பொங்கலிடுகின்றனர். கூடலூரை அடுத்த லோயர் கேம்ப்பில் 2013-ஆம் ஆண்டு அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. தேனிப் பேருந்து நிலையமும் அவர் பெயரைத் தாங்குகிறது. 1911 மார்ச் 9-ஆம் நாள் அவர் மறைந்த கேம்பர்லி என்னும் இங்கிலாந்து ஊரில், 2022-இல் தமிழ்நாட்டு அரசு அவருக்குச் சிலை நிறுவியது.

இங்குக் கருதத் தக்கது ஒன்றுண்டு. ஐரோப்பாவிற் குடும்பப் பெயர் தந்தையிடமிருந்து பிள்ளைக்கு வழிவழியாக வருவது. பொறியாளரின் மகனும் அவ்வாறே அதனைத் தாங்கி இங்கிலாந்தில் உயர்நீதிமன்ற நீதிபதியாக விளங்கினார். கம்பத்து உழவரோ அதனைப் பிள்ளையின் சொந்தப் பெயராகவே ஆக்கிக்கொண்டனர். அப்பிள்ளை தன் பெயருக்கு முன்னே தன் தந்தையின் முதலெழுத்தைத் தமிழ்முறைப்படி இட்டுக்கொள்கிறான். நெல்சன், லிவிங்ஸ்டன், எடிசன் என்னும் குடும்பப் பெயர்களும் இவ்வாறே நம்மிடையே ஆட்பெயராயின. அவை பள்ளியின் வழியாகவும் புத்தகத்தின் வழியாகவும் வந்தன. இது வாய்க்காலின் வழியாக வந்தது. எஸ்க் ஆற்றங்கரையில் தோன்றிய பெயர் வையைக் கரையிற் குடியுரிமை பெற்றுவிட்டது.

மலையின் மேற்கே இப்பெயர் அவ்வாறு பரவவில்லை. அணைக்குக் கீழே பெரியாற்றங்கரையில் வாழும் கேரள மக்களுக்கு அணையின் முதுமையே கவலை தருகிறது. அவ்வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்று, 2014-இல் நீர்மட்டத்தை 142 அடியாக வைத்துக்கொள்ளத் தீர்ப்பாயிற்று. ஒரே அணை கிழக்கே நன்றியாகவும் மேற்கே அச்சமாகவும் நினைக்கப்படுகிறது. குமுளியிலும் வண்டிப்பெரியாற்றிலும் தோட்டங்களில் உழைக்கும் தமிழர் இவ்விரு நினைவுகளுக்கும் நடுவே வாழ்கின்றனர். பெயர் எங்கே பரவும் என்பதை நீர் பாயும் திசையும் ஓரளவு முடிவு செய்கிறது எனலாம்.

மற்றொன்றும் நினைக்கத் தக்கது. அணையைக் கட்டியவர் பென்னிகுயிக் என்று சொல்லும்போது, கல் சுமந்தவரையும் சுண்ணாம்பு அரைத்தவரையும் மறந்துவிடுகிறோம். யானைகளும் காய்ச்சலும் மிகுந்த காட்டில் ஆயிரக்கணக்கானோர் பாடுபட்டனர். மலைக்காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அவர்களுள் தமிழர் மிகப் பலர். அணையருகே அவர்களுக்குக் கல்லறைகள் உண்டு. ஊர் வழங்கும் பெயர் இல்லை. எந்தப் பேருந்து நிலையமும் அவர் பெயரைத் தாங்கவில்லை. பொங்கற் பானையின் முன் நின்று அப்பொறியாளரின் பெயரைச் சொல்லும் பேரப்பிள்ளைகளுள் அவர்களுடைய வழித்தோன்றல்களும் இருத்தல் கூடும்.

இனி, படிவத்தின் முன் தயங்கி நிற்கும் நம் தமிழரிடம் திரும்புவோம். இடுக்கிக்கு வடக்கே, அதே மலைத்தொடரின் கணவாயில் அமைந்த பாலக்காட்டிற் பல நூற்றாண்டுகளாக வாழும் தமிழர் இதற்கு ஒரு விடை கண்டிருக்கின்றனர். சோழநாட்டிலிருந்தும் பாண்டிநாட்டிலிருந்தும் அங்குக் குடியேறியவர்களின் வழியினர், தாம் குடியேறிய கிராமத்தின் பெயரைத் தம் பெயருக்கு முன்னே இட்டனர். செம்பை வைத்தியநாத பாகவதரின் 'செம்பை' ஓர் ஊர். இசைமேதை எம். டி. இராமநாதனின் 'எம்' என்பது மஞ்சப்பரா. தலைமைத் தேர்தல் ஆணையராக விளங்கிய டி. என். சேஷனின் 'டி' என்பது திருநெல்லாயி. குயிற்குன்றத்தார் செய்ததும் இதுவே. அவர்கள் ஊர்ப்பெயரைப் பின்னே வைத்தனர்; நம்மவர் முன்னே வைத்தனர். நம்மவர் அதனை ஒற்றை எழுத்தாகச் சுருக்கியதால் அது குடும்பப் பெயரென்று பிறருக்குத் தோன்றவில்லை. நமக்கே சிலபோது மறந்துவிடுகிறது.

ஆகவே டில்லியிலோ மும்பையிலோ பிறந்து வளரும் பிள்ளை, தன் பெயரின் முன்னுள்ள எழுத்து எதனைக் குறிக்கிறது என்று கேட்டால், அதற்கு விடை சொல்வது பெற்றோர் கடன். அவ்வெழுத்து எந்த ஊர், அவ்வூர் எந்த ஆற்றின் கரை, அங்கே என்ன விளையும் என்பதையும் சேர்த்துச் சொல்லுதல் நன்று. ஓர் ஊரின் நிலம் 1654-இல் கைமாறிய பின்னரும் அதன் பெயரைக் கைவிடாது காத்தவர் சிலர் இருந்தமையால் அன்றோ, இன்று கம்பத்து வயல்வெளியில் ஒரு தாய் தன் மகனைப் பென்னிகுயிக் என்று கூவி அழைக்கிறாள்? நம் ஊர்களின் பெயர்களும் அவ்வாறு காக்கத் தக்கனவே.