கணக்குப் புத்தகம் களத்துக்கு வந்த கதை: ஃபார்முலா ஒன் செலவு வரம்பின் வரலாறு

ஃபார்முலா ஒன் உலக சாம்பியன்ஷிப் 1950இல் தொடங்கியது. காரின் எடை, இன்ஜினின் கொள்ளளவு, டயரின் அகலம், எரிபொருளின் தன்மை என்று எல்லாவற்றையும் அளக்க விதிகள் வந்தன. அந்தக் காரைச் செய்ய அணி எவ்வளவு பணம் போட்டது என்று மட்டும் 2021 வரை எந்த விதியும் கேட்கவில்லை. இடையில் ஒருமுறை கேட்க முயன்றபோது பந்தயமே இரண்டாக உடையப் பார்த்தது. செலவு வரம்பு ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது, வந்த பிறகு யாருக்குப் பயன்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. 2009இல் புதிய அணிகளை உள்ளே அழைக்க முன்வைக்கப்பட்ட யோசனை, 2021இல் நடைமுறைக்கு வந்தபோது பழைய அணிகளின் அரணாகிவிட்டது என்பதே இதன் வாதம்.

கடையில் கிடைத்த இன்ஜின்

தொடக்க காலத்தில் ஏற்றத்தாழ்வை ஓரளவு குறைத்தது விதி அல்ல, ஓர் இன்ஜின். ஃபோர்டு நிறுவனம் கொடுத்த 1 லட்சம் பவுண்டில் காஸ்வொர்த் உருவாக்கிய டி.எஃப்.வி. இன்ஜின், 1967 ஜூனில் நெதர்லாந்தின் சான்வோர்ட் தடத்தில் முதல் பந்தயத்திலேயே ஜிம் கிளார்க்கின் லோட்டஸ் காரை வெல்லவைத்தது. மறுஆண்டு முதல் மற்ற அணிகளும் அதை விலைக்கு வாங்க முடிந்தது. சொந்தமாக இன்ஜின் செய்ய வழியில்லாத சிறு பட்டறைகளும் ஃபெராரியோடு மோதின. அவர்களைக் ‘கராஜ்காரர்கள்’ என்று என்சோ ஃபெராரி ஏளனம் செய்தார். அந்த இன்ஜின் 1983க்குள் 155 பந்தயங்களை வென்றது.

1977இல் ரெனோ டர்போ இன்ஜினோடு வந்தபின் காற்று திசை மாறியது. சிகரெட் விளம்பரப் பணம் ஏற்கெனவே உள்ளே வந்திருந்தது; பெரிய கார் நிறுவனங்களின் பணமும் சேர்ந்துகொண்டது. 2000 முதல் 2004 வரை மைக்கேல் ஷூமாக்கர் தொடர்ந்து ஐந்து பட்டங்களை வென்ற காலத்தில், ஃபெராரிக்குச் சொந்தமாகவே ஃபியோரானோ, முஜெல்லோ என்று இரண்டு சோதனைத் தடங்கள் இருந்தன. பணம் இருந்தால் வெற்றி நிச்சயம் என்றும் சொல்லிவிட முடியாது. 2002 முதல் 2009 வரை எட்டுப் பருவங்கள் பணத்தைக் கொட்டிய டொயோட்டா ஒரு பந்தயத்தைக்கூட வெல்லவில்லை. ஆனால் பணம் இல்லாத அணிக்கு முன்வரிசை கனவாகவே இருந்தது.

நிர்வாக அமைப்பான எஃப்.ஐ.ஏ. செலவைச் சுற்றிவளைத்துக் குறைக்கப் பார்த்தது. 2004 முதல் ஒரு வார இறுதிக்கு ஓர் இன்ஜின்தான் என்றது. 2009இல், பருவம் தொடங்கியபின் சோதனை ஓட்டமே கூடாது என்றது. தடத்தில் மிச்சமான பணம் சிமுலேட்டருக்கும் காற்றுச் சுரங்கத்துக்கும் கணினிக் கணிப்புக்கும் போனது. ஒரு செலவை அடைத்தால் பணம் இன்னொரு வழியைக் கண்டுபிடித்துவிடும் என்பது இந்தப் பத்தாண்டுகளில் தெளிவாயிற்று.

மோஸ்லியின் 4 கோடி பவுண்டு

2008 டிசம்பரில், உலகப் பொருளாதார நெருக்கடியின் நடுவே, ஹோண்டா விலகியது. எஃப்.ஐ.ஏ. தலைவர் மேக்ஸ் மோஸ்லி நேரடியாகப் பணத்திலேயே கைவைத்தார். 2010 முதல் ஆண்டுக்கு 4 கோடி பவுண்டு வரம்பை ஏற்கும் அணிகளுக்குத் தொழில்நுட்ப விதிகளில் தாராளச் சலுகை. ஏற்காதவர்களுக்குப் பழைய கட்டுப்பாடுகள். ஒரே பந்தயத்தில் இரண்டு சட்டமா என்று பெரிய அணிகள் கொதித்தன. ஃபெராரி பாரிஸ் நீதிமன்றம் போய்த் தோற்றது. 2009 ஜூனில், சில்வர்ஸ்டோன் பந்தய வாரத்தில், எட்டு அணிகள் தனிப் போட்டித் தொடர் நடத்தப்போவதாக அறிவித்தன. சில நாட்களிலேயே சமரசம் வந்தது. வரம்பு கைவிடப்பட்டது, மோஸ்லி மீண்டும் தலைவர் தேர்தலில் நிற்கவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் பி.எம்.டபிள்யூவும் டொயோட்டாவும் வெளியேறின.

வரம்பு போய்விட்டது; அதை நம்பி விண்ணப்பித்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

அப்படி மாட்டிக்கொண்ட அணிகளுள் ஒன்று ஸ்பெயினின் எச்.ஆர்.டி. தமிழ்நாட்டின் இரண்டு ஃபார்முலா ஒன் ஓட்டுநர்களும் அதில் ஓட்டியவர்கள். 2010 மார்ச்சில் பஹ்ரைனில் நடந்த முதல் பந்தயத்துக்குச் சென்னையின் கருண் சந்தோக்கின் கார் உரிய நேரத்தில் தயாராகவில்லை. பயிற்சிச் சுற்றுகளை முழுக்க இழந்து, தகுதிச் சுற்றில்தான் அந்தக் காரை முதன்முதலாக ஓட்டினார். மறுநாள் பந்தயம் அவருக்கு இரண்டாவது சுற்றிலேயே முடிந்தது. 2005இல் ஜோர்டன் அணியில் அறிமுகமாகி முதல் இந்திய ஃபார்முலா ஒன் ஓட்டுநரான கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2011, 2012 பருவங்களில் எச்.ஆர்.டி.க்காக ஓட்டினார். முதல் தகுதிச் சுற்றின் அதிவேக நேரத்தில் 107 விழுக்காட்டைத் தாண்டினால் பந்தயத்தில் இடமில்லை என்ற விதியால், இரண்டு ஆண்டுகளிலும் ஆஸ்திரேலியாவில் அந்த அணியின் இரு கார்களும் பந்தயத்துக்கே தகுதி பெறவில்லை. மூன்று பருவங்களில் ஒரு புள்ளிகூட எடுக்காமல் 2012 முடிவில் எச்.ஆர்.டி. மூடப்பட்டது. 2010இல் கூடவே வந்த மற்ற இரு அணிகளும் 2017 தொடக்கத்துக்குள் மறைந்தன.

நான்காமிடமும் திவாலும்

நன்றாக ஓட்டினாலும் பிழைக்க முடியாது என்பதற்கு விஜய் மல்லையாவின் ஃபோர்ஸ் இந்தியா சாட்சி. 2016, 2017 இரண்டு ஆண்டுகளிலும் அணிகள் பட்டியலில் நான்காமிடம் பிடித்த அந்த அணி, 2018 ஜூலையில் கடன் நெருக்கடியால் நீதிமன்ற நிர்வாகத்தின்கீழ் போனது. பரிசுப் பணப் பங்கீடே நியாயமற்றது என்று 2015இல் அந்த அணியும் சாபர் அணியும் ஐரோப்பிய ஆணையத்திடம் முறையிட்டிருந்தன.

2017இல் ஃபார்முலா ஒன்னை வாங்கிய லிபர்ட்டி மீடியா, செலவு வரம்பை மீண்டும் மேசைக்குக் கொண்டுவந்தது. 2021 முதல் 17.5 கோடி டாலர் என்று 2019 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. அடுத்த சில மாதங்களில் கொரோனா பந்தயங்களையே நிறுத்தியது. வருமானம் வறண்ட அந்த 2020 மே மாதத்தில், மோஸ்லியின் காலத்தில் போர்க்கொடி தூக்கிய அணிகளும் இன்னும் குறைந்த வரம்புக்கு ஒப்புக்கொண்டன: 2021இல் 14.5 கோடி, 2022இல் 14 கோடி, 2023இல் 13.5 கோடி. ஓட்டுநர் சம்பளம், அதிகச் சம்பளம் வாங்கும் மூவரின் ஊதியம், விளம்பரச் செலவு ஆகியவை கணக்கில் சேராது. கூடவே காற்றுச் சுரங்கச் சோதனைக்கு ஏறுவரிசை ஒதுக்கீடும் வந்தது. 2022 முதல் சாம்பியன் அணிக்கு 70 விழுக்காடு. ஒவ்வோர் இடம் கீழே போகப்போக 5 விழுக்காடு கூடி, பத்தாமிடத்துக்கு 115.

உணவகச் செலவும் ஒரு பட்டமும்

முதல் ஆண்டுக் கணக்கே சோதனையாக அமைந்தது. 2021 பட்டம் அபுதாபியில் கடைசிச் சுற்றில் மேக்ஸ் வெர்ஸ்டாப்பனுக்குப் போனது. மறுஆண்டு அக்டோபரில், அவரது ரெட் புல் அணி அந்தப் பருவத்தில் வரம்பை 18.64 லட்சம் பவுண்டு, அதாவது 1.6 விழுக்காடு, தாண்டியதாக எஃப்.ஐ.ஏ. அறிவித்தது. ஊழியர் உணவகச் செலவு, முதலாளி செலுத்தும் சமூகக் காப்புத் தொகை, பயன்படுத்தாத உதிரிபாகங்கள் என்று பல தலைப்புகளில் மொத்தம் 56 லட்சம் பவுண்டு தவறாக விலக்கப்பட்டோ திருத்தப்பட்டோ இருந்தது. ஒரு வரிச் சலுகையைச் சரியாகக் கணக்கிட்டிருந்தால் மீறல் 4,32,652 பவுண்டு, 0.37 விழுக்காடு மட்டுமே என்றும் அறிக்கை ஒப்புக்கொண்டது. அபராதம் 70 லட்சம் டாலர். காற்றியக்கச் சோதனையில் ஓராண்டுக்கு 10 விழுக்காடு வெட்டு. பட்டம் பறிக்கப்படவில்லை. வெட்டு நடைமுறையில் இருந்த 2023இல் ரெட் புல் 22 பந்தயங்களில் 21ஐ வென்றது.

தண்டனை போதாது என்ற விமர்சனத்துக்கு அந்த எண்கள் வலு சேர்த்தன. ஆனால் நீண்ட கால விளைவு வேறு. 2024இல் நான்கு அணிகளைச் சேர்ந்த ஏழு ஓட்டுநர்கள் பந்தயங்களை வென்றார்கள். 1998க்குப் பிறகு முதன்முறையாக மெக்லாரன் அணிகளுக்கான பட்டத்தைப் பெற்றது. ரெட் புல் மூன்றாமிடத்துக்கு இறங்கியது.

வரம்பு எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்திவிடவில்லை. முன்பே நல்ல ஆலைகளைக் கட்டியவர்கள் முந்தியே நின்றார்கள். 2023இல் மெர்சிடிஸிலிருந்து வில்லியம்ஸ் தலைமைக்கு வந்த ஜேம்ஸ் வோல்ஸ், அங்கே சுமார் 20,000 உதிரிபாகங்களின் கணக்கு ஓர் எக்செல் கோப்பில் வைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். அதை மாற்றும் முதலீட்டுக்கும் உச்சவரம்பு குறுக்கே நின்றது. அவரைப் போன்றவர்கள் வாதாடியபின் பின்வரிசை அணிகளுக்குக் கூடுதல் முதலீட்டு அனுமதி கிடைத்தது.

செலவு கட்டுக்குள் வந்ததும் அணிகளின் விலை ஏறியது. 2020இல் வில்லியம்ஸ் அணி முழுவதும் 15.2 கோடி யூரோவுக்கு விற்கப்பட்டது. 2023இல் ஆல்பைன் அணியின் 24 விழுக்காட்டுப் பங்குக்கே 20 கோடி யூரோ கிடைத்தது. லாபம் தரும் பந்தியில் இன்னோர் இலை போட உள்ளே இருப்பவர்களுக்கு மனம் வரவில்லை. புதிய அணியாகச் சேர விரும்பிய ஆண்ட்ரெட்டியின் விண்ணப்பத்தை 2024 ஜனவரியில் ஃபார்முலா ஒன் நிர்வாகம் நிராகரித்தது. ஜெனரல் மோட்டார்ஸ் முன்னால் வந்து நின்ற பிறகே, கேடிலாக் என்ற பெயரில் 11ஆவது அணிக்கு 2026 பருவத்துக்கான அனுமதி கிடைத்தது. மற்ற அணிகளின் வருமான இழப்பை ஈடுசெய்ய அது செலுத்த ஒப்புக்கொண்டதாகச் செய்திகள் சொல்லும் நுழைவுத்தொகை 45 கோடி டாலர். 2026 பருவம் முழுவதற்கும் ஓர் அணிக்கு அனுமதிக்கப்பட்ட செலவு வரம்பு 21.5 கோடி டாலர்.